சர்க்கரை ஆலையில் வெற்றிடப் பம்பின் இடம்

திறந்த கொப்பரையில் கருப்பஞ்சாற்றைக் காய்ச்சும்போது பாகு 100 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. சர்க்கரையில் ஒரு பகுதி கருகி வீணாகும். அழுத்தத்தைக் குறைத்தால் 60, 70 பாகையிலேயே கொதிக்கும். ஆங்கிலேய வேதியியலாளர் எட்வர்டு சார்லஸ் ஹோவர்டு 1813-இல் காப்புரிமை பெற்ற மூடிய வெற்றிடக் கொப்பரைக்கு இதுவே அடிப்படை.

காற்றை இழுக்கும் பம்பை எங்கே வைப்பது? கொப்பரையின் வாயிலேயே பொருத்தலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் தவறு புரியும். 60 பாகையில் கொதிக்கும் 1 கிலோ நீர், ஆவியானதும் ஏறத்தாழ 7.7 கன மீட்டர் இடத்தை அடைக்கிறது. அத்தனை ஆவியையும் இழுப்பதற்கு மிகப் பெரிய பம்பு வேண்டும். அதே ஆவியைக் குளிர்வித்தால் 1 லிட்டர் நீராகச் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கமே வெற்றிடத்தையும் உண்டாக்குகிறது. மிஞ்சுவது கசிவு வழியே புகுந்த காற்றும், சாற்றிலும் குளிர்நீரிலும் கரைந்திருந்த காற்றும்தான். பம்பு அதை மட்டும் அகற்றினால் போதும். ஆகவே அதன் இடம் குளிர்விப்பானுக்குப் பின்னால்.

இந்த அமைப்பு முன்பே இருந்தது. ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை பெற்ற நீராவி எந்திரத்தில் தனிக் குளிர்விப்பானும், அதைக் காலியாக வைத்திருக்கப் பம்பும் உண்டு. வாட்டைப் பற்றிப் பாடம் நடத்திய ஆண்டுகளில் அந்தப் பம்பைச் சொல்லாமலே நானும் கடந்திருக்கிறேன்.

இதன் முழுப் பயனைக் கண்டவர் நோர்பர்ட் ரில்லியூ. ஆப்பிரிக்க வம்சாவளியினரான இவர் 1806-இல் நியூ ஆர்லியன்சில் பிறந்து பாரிசில் படித்தவர். லூசியானா தோட்டங்களில் அப்போது அடிமைகள் கொதிக்கும் சாற்றை நீண்ட அகப்பைகளால் கொப்பரை விட்டுக் கொப்பரை மாற்றினார்கள். உடல் வெந்தவர்கள் பலர். ரில்லியூ 1843, 1846 ஆண்டுகளில் பெற்ற காப்புரிமைகளின்படி, மூடிய கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டன. ஒரு கலத்தின் ஆவி அடுத்ததைச் சூடாக்கும். கடைசிக் கலத்தின் ஆவி மட்டுமே குளிர்விப்பானுக்குப் போகும். பம்பு அதற்கும் அப்பால். அங்கிருந்து பின்னோக்கிக் கலத்துக்குக் கலம் அழுத்தம் படிப்படியாகக் கூடும் என்பதால் கலத்துக்கொரு பம்பு தேவைப்படவில்லை. விறகுச் செலவு வெகுவாகக் குறைந்தது, சர்க்கரையும் வெளுத்தது. ஆனால் இக்கருவியை வாங்கியவர்கள் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளே. கரும்பு வெட்டிய கைகளுக்கு விடுதலை 1865 வரை சட்டப்படி முழுமையாகக் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் குளிர்விப்பானைத் தரையிலிருந்து 10 மீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். காற்றழுத்தம் அதற்கு மேல் நீரைத் தாங்காது. ஆகவே குளிர்ந்த நீர் நெடுங்குழாய் வழியே தானாகக் கீழே இறங்கிவிடும். காற்றை மட்டும் மேல்முனையிலிருந்து பம்பு இழுக்கும்.