காணாமற்போனோரும் ஆயுட்கணக்கும்

பிறந்தார் இறத்தல் நியதி. ஆயின், எத்துணைப் பேர் எவ்வயதுவரை வாழ்வர் என எண்ணாற் காணும் முயற்சி மிகப் பழையதன்று. 1662 ஆம் ஆண்டில் இலண்டன் வணிகரான ஜோன் கிரோண்ட், மரணப் பதிவுகளை ஆராய்ந்து, பிறந்த நூற்றுவரில் 64 பேரே ஆறு வயதைக் கடப்பர் எனக் கணித்தார். 1693 இல் வானியலறிஞர் எட்மண்ட் ஹலி, பிரெசுலோ நகரப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணை ஒன்றை அமைத்தார்.

இக்கணிதத்தின் அடிப்படைகள் இரண்டு. குறித்த காலத்தின் பின்னும் உயிரோடிருப்போரின் விகிதம் ஒன்று. அதுவரை வாழ்ந்தோரை அடுத்த கணத்தில் எதிர்நோக்கும் மரண இடர் மற்றொன்று. இடர் குறையின் வாழ்வு நீளும். நுளம்புக் காய்ச்சலால் நெடுங்காலம் நலிந்த வன்னி மக்கள் இதனை அனுபவத்தால் அறிவர். டி. டி. ரி. தெளிப்பு இலங்கையில் விரிவடைந்த காலையில், 1946 இல் ஆயிரவருக்கு 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947 இல் 14 ஆகத் தாழ்ந்தது. மருத்துவ வசதிகளும் உணவு நிலையும் இதற்குத் துணைபுரிந்தன.

ஆயின், முடிவு தெரியாதோரை எங்ஙனம் கணக்கிடுவது? பதின்மரை எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் இருவர் இறந்தனர். எஞ்சிய எண்மரில் மூவரைப் பற்றி அதன்பின் செய்தியில்லை. இரண்டாமாண்டில் மற்றை ஐவருள் ஒருவர் இறந்தார். அம்மூவரையும் இறந்தோராகக் கொண்டால் எஞ்சியோர் நூற்றுக்கு 40. உயிரோடுள்ளோராகக் கொண்டால் 70. அறவே நீக்கிவிட்டால் 57. மூன்றும் பிழையே. 1958 இல் எட்வேட் கப்லான், போல் மேயர் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட முறை வேறு: ஒருவரைக் கடைசியாகக் கண்ட நாள்வரை கணக்கில் வைத்து, அதன்பின் மட்டுமே விலக்குதல் வேண்டும். முதலாண்டில் பத்தில் எட்டு, இரண்டாமாண்டில் ஐந்தில் நான்கு; இவற்றைப் பெருக்க நூற்றுக்கு 64 என்பது பெறப்படும்.

இம்முறைக்கு ஒரு நிபந்தனையுண்டு. செய்தியற்றுப் போனோரின் இடர், எஞ்சியோரின் இடரை ஒத்திருத்தல் வேண்டும். தொழில் தேடி வேற்றூர் சென்றோர்க்கு இது பெரும்பாலும் பொருந்தலாம். 2009 இல் முடிவுற்ற போரின்போது வன்னியிற் காணாமற்போனோர்க்குப் பொருந்துமா? அவரை மறைத்த காரணமே மரண இடரையும் மிகுவித்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் 1981 இன் பின் 2012 வரை முழுமையான குடிசன மதிப்பும் நடைபெறவில்லை. இடைப்பட்ட முப்பத்தோராண்டு இழப்பைச் சூத்திரம் மட்டும் நிரப்பவல்லதன்று.

சட்டமும் இவ்வுண்மையை ஒருவாறு ஏற்றது. 2010 ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போனோர்க்கு மரணப் பதிவுக்கு வழிசெய்தது. உறவினரை இறந்தவரெனப் பதிய மனமொப்பாத குடும்பங்கள் பல. 2016 ஆம் ஆண்டுத் திருத்தம், இறந்தார் என்னாது, காணப்படவில்லை என்று மட்டும் உரைக்கும் சான்றிதழுக்கு இடமளித்தது. புள்ளிவிபரவியலார் கண்ட நெறியும் இதுவே: தெரிந்ததனைத் தெரிந்தவரை பதிக, தெரியாததனை முடிந்ததென எழுதற்க. எஞ்சிய விடையைத் தருதல் கணிதத்தின் பணியன்று. நேர்மையான விசாரணையின் பணியாகும்.