கருவியைத் தொடும் உரிமை

கல்வி உரிமை என்பது பள்ளியின் வாயிலைக் கடப்பதோடு முடிந்துவிடுவதன்று. அங்குள்ள கருவிகளைத் தொட்டுக் கற்கும் உரிமையும் அதனுள் அடங்கும்.

நம் நாஞ்சில் நாட்டில், மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் அவர்களின் அழைப்பை ஏற்று 1806ஆம் ஆண்டு வந்த ரிங்கல்தௌபே பள்ளிகளை நிறுவினார். நம் முன்னோர்க்கு எழுத்தறிவின் வாயில் திறந்தது. ஆயினும், வாயிலைக் கடந்த பின்னரும் இந்நாட்டில் தடைகள் தொடர்ந்தன. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, கணக்குப் போடுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகையின் பின்னால் வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று அஞ்சி, உடன் பயின்றோர் ஓடிச் சென்று அவற்றை அகற்றினர். கரும்பலகையைத் தொடுவதற்கே அந்நிலை எனின், ஆய்வுக் கருவிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நிலைக்கு நேர்மாறாக, எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கருவியைக் கொடுத்த முயற்சி ஒன்று மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்தது. 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்னும் இரு அமைப்புகள், ஓஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கல்வியைத் தொடங்கின. மனப்பாடம் விலக்கப்பட்டது, பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து தாமே சோதனை செய்தனர். தேர்விலும் நூலைப் பார்த்து எழுதலாம்.

ஒருமுறை பூக்களைப் பிரித்தாய வெளியே சென்ற வகுப்பில் ஊசி இல்லை. ஒரு சிறுமி கருவேல முள்ளை ஒடித்து, இது போதாதா என்று கேட்டாள். போதும் என்றாயிற்று, அம்முள் பாடநூலிலும் இடம்பெற்றது. அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர் 1978இல் அங்குச் சென்று, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்டியூபால் இணைத்து உருவங்கள் அமைத்தார். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது நிற்கும். பாலங்களில் முக்கோணங்கள் அமைவதன் காரணத்தைப் பிள்ளைகள் விரலாலேயே உணர்ந்தனர்.

1978இல் அத்திட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் அதனைத் தொடர்ந்து நடத்த எழுந்த நிறுவனம், கட்டைவிரலைப் பறிகொடுத்த ஏகலைவனின் பெயரையே சூடிக்கொண்டது. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆயினும் அதன் பாடம் அழியவில்லை.

இளைஞர்களே! ஆய்வுக்கூடம் இல்லையே என்று நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. தீயில் காய்ச்சிய பறையின் ஒலி உயர்வதேன்? ஈரம் வற்றித் தோல் இறுகுவதால். நம் முன்னோரின் கை அறிந்திருந்த இவ்வுண்மையை அறிவியலாக ஏட்டில் எழுதுவது உங்கள் கடமை. மாலை வகுப்பு நடத்துவோர், கருவியைச் செய்து கொடுப்பதற்கு முன், எதைக் கொண்டு செய்யலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். விடை அவர்கள் கையில் இருக்கும்.