நாஞ்சில் நாடு கண்ட இருப்புப்பாதை

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இருப்புப்பாதையைப் பற்றி எழுதுவது பொருத்தந்தானா என்று சிலர் வினவக்கூடும். வகுப்பறையில் மாணவரிடம், "நாகர்கோவிலுக்கு இரயில் எக்காலத்தில் வந்தது?" என்று நாம் கேட்பதுண்டு. "வெள்ளைக்காரன் காலத்தில்" என்றே பெரும்பாலோர் விடையிறுக்கின்றனர். நாடு விடுதலையடைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அது வந்தது என்று கூறினால் வியப்புடன் நோக்குகின்றனர். இவ்வறியாமையே இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

தென்னாட்டின் முதற் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டது. சென்னைத் தெருக்களில் 1895-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டி 1953-இல் நின்றே போயிற்று. திருநெல்வேலிக்கு 1876-இல் இருப்புப்பாதை எட்டியது. 1904-இல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளில் கல் வளைவுப் பாலங்களை எழுப்பி, செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைத்தனர். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு 1918-இலும், அந்நகரின் தம்பானூருக்கு 1931-இலும் பாதை நீண்டது. அத்துடன் நின்றது. கிழக்கே திருநெல்வேலி, மேற்கே திருவனந்தபுரம். இரண்டிற்கும் இடையே, திருவிதாங்கூருக்கு நெல் அளந்த நாஞ்சில் நாடு மட்டும் தண்டவாளம் காணாது கிடந்தது. மலைத்தோட்ட விளைபொருளும் துறைமுக வாணிகமும் பெற்றிருந்த கொல்லத்திற்குக் கிட்டிய சலுகை, வயலும் வரப்புமாய்க் கிடந்த நமக்குக் கிட்டவில்லை என்பதே நம் கருத்து.

இரயில் ஏற விரும்பியவர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருநெல்வேலிக்குச் சுமார் எண்பது கிலோமீட்டர் செல்ல வேண்டியிருந்தது. வசதி படைத்தோருக்கு வில்வண்டி இருந்தது. நம்மவருக்குக் கால்களே இருந்தன. அக்கால்கள் எந்தச் சாலையில் நடக்கலாம் என்பதையும் பிறரே வகுத்திருந்தனர். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். சட்டம் ஒழித்ததை வழக்கம் ஒழிக்கவில்லை. வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி 1893-ஆம் ஆண்டு, நம்மவருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் வில்வண்டியில் அமர்ந்து ஓட்டிச் சென்றார். இன்று அதை எண்ணும்போது, ஒருவர் வண்டியில் ஏறிப் போவதுங்கூட ஒரு போராட்டமா என்று இளைஞர் நகைக்கலாம். அன்று அது தலையைப் பணயம் வைத்த செயல். நம் மாவட்டத்திலேயே சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவரும் வரை அக்கோயில் வாயில் நமக்கு அடைபட்டே இருந்தது.

இருப்புப்பாதை இந்தியாவில் சாதியைக் கரைத்துவிடும் என்று 1853-இலேயே காரல் மார்க்ஸ் எழுதினார். பாதி மெய்யாயிற்று என்று நாம் சொல்வோம். பயணச்சீட்டுக் கொடுப்பவர் காசைக் கேட்டாரேயன்றிச் சாதியைக் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் யாவரும் அமர வேண்டியிருந்தது. ஆயினும் வண்டியை விட்டு இறங்கியதும் பழைய உலகம் காத்துக் கிடந்தது. 1901-ஆம் ஆண்டு, சிறுவரான அம்பேத்கர், வேறோர் ஊரில் பணியிலிருந்த தந்தையைக் காணத் தமையனுடனும் வேறு சில சிறுவருடனும் மகாராட்டிரத்து மாசூர் நிலையத்தில் இறங்கினார். நல்லுடை அணிந்த பிள்ளைகளைப் பரிவுடன் விசாரித்த நிலைய அதிகாரி, அவர்கள் மகர் இனத்தவர் என அறிந்ததும் முகம் மாறி விலகிச் சென்றார். இரட்டிப்பு வாடகை தருவதாகக் கூறியும் மாட்டு வண்டிக்காரர் எவரும் முதலில் இசையவில்லை. முடிவில், பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் உடன் நடந்து வருவது என ஏற்பாடாயிற்று. அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்பில் இதனை விரிவாக எழுதியுள்ளார். இளைஞர் அவசியம் படித்தல் வேண்டும்.

நம் பகுதிக்கு முதலில் வந்தது அரசுப் பேருந்தே. 1938-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய போக்குவரத்துச் சேவை, திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி வழித்தடத்தில்தான் தன் ஓட்டத்தைத் தொடங்கிற்று. 1956 நவம்பர் முதல் நாள் நாம் தாய்த் தமிழகத்துடன் இணைந்த பின்னும் இரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1972-இல் பிரதமர் இந்திரா காந்தி கன்னியாகுமரியில் அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி அகலப்பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 87 கிலோமீட்டர். 1981 ஏப்ரலில் நாகர்கோவில்–திருநெல்வேலிப் பாதையும் திறக்கப்பட்டது. இராயபுரத்திலிருந்து கன்னியாகுமரியை எட்ட இரயிலுக்கு 123 ஆண்டுகள் ஆயின!

இருப்புப்பாதை நமக்குத் தந்தது பயணம் மட்டுமன்று. வைசிராயின் நிர்வாக சபையில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்தபோது, 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8⅓ விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1946-இல் அது 12½ ஆகவும், 1970-இல் 15 ஆகவும் உயர்ந்தது. எழுத்தர், நிலைய அதிகாரி, ஓட்டுநர் என இரயில்வேப் பணிகளின் கதவு நம் பிள்ளைகளுக்குத் திறந்தது இவ்வாறே. தேர்வு அறிவிப்பு வந்தபின் விண்ணப்பம் தேடி அலையாது, முன்கூட்டியே பயிலத் தொடங்குங்கள் என்று இங்கேயே சொல்லி வைக்கிறோம். தலைமையாசிரியரின் வழக்கம் விடாது!

1984-இல் கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவுக்கு ஹிம்சாகர் விரைவு வண்டி தொடங்கிற்று. 2011-இல் தொடங்கிய விவேக் விரைவு வண்டி அஸ்ஸாமின் திப்ருகரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து இணைக்கிறது. தெருவில் நடக்க உரிமை கேட்ட அதே சுசீந்திரத்திலும் இன்று ஒரு சிறு இரயில் நிலையம் உண்டு.

பாதை திறப்பதற்கு முன்னர் ஆரல்வாய்மொழி வழியே நடந்து சென்ற முதியோர் சிலர் நம் ஊர்களில் இன்னும் உள்ளனர். அவர்கள் எங்கே தங்கினர், எந்தக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டது, யார் சோறிட்டனர் என்பவற்றை இளைஞர் கேட்டு எழுதித் தந்தால், அடுத்த மலரில் வெளியிடச் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்வோம்.