கரிக்கடையும் பிஸ்த்ரோவும்

பாரிஸின் மோன்மார்த்ர் குன்றிலுள்ள 'லா மேர் கத்தரின்' உணவகச் சுவரில் ஒரு பலகை உண்டு. 1814இல் நகருக்குள் நுழைந்த கோசாக்கு வீரர்கள், ருஷ்ய மொழியில் 'விரைவாக' என்று பொருள்படும் 'பிஸ்த்ரா' எனக் கூவி மது கேட்டனராம். 'பிஸ்த்ரோ' என்ற சொல் அவ்வாறு பிறந்ததாம். சுவையான கதைதான். ஆனால் அச்சொல் எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பது 1884இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுகள் அது எங்கே ஒளிந்திருந்தது? ஒலியொப்புமையை மட்டும் நம்பும் சொல்லாராய்ச்சி எங்கு கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ் படித்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்லின் வேர் குறித்து அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. கடையின் வேர்களுள் ஒன்றோ தெளிவானது. 19ஆம் நூற்றாண்டில் ஓவெர்ன் மலைநாட்டு ஏழைகள் பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்தனர். முதலில் மாடி மாடியாகத் தண்ணீர் சுமந்தனர். குழாய்நீர் பரவியதும் அத்தொழில் போயிற்று. விறகும் கரியும் விற்கலாயினர். கணவன் கரிமூட்டையோடு படியேற, மனைவி கடையில் மது ஊற்றினாள். பெயர்ப்பலகையே 'மதுவும் கரியும்' என்றுதான். நகரத்தார் அவர்களுக்கு இட்ட கேலிப்பெயர் 'பூஞா'. அப்பெயரைத் தாங்கிய பலகை எதையும் மோன்மார்த்ருக்குச் செல்லும் பயணியிடம் எவரும் காட்டுவதில்லை.

மதுவோடு ஒரு தட்டுச் சூடான உணவும் சேர்ந்தபோது, கூலியாளும் கைக்காசுக்கு அமர்ந்து உண்ண இடம் கிடைத்தது. நெருக்கமான சிறு மேசைகள், கரும்பலகையில் அன்றன்றைய உணவு. பெரும்பாலும் 'பொத்தோஃபே' போன்றவை: விலைமலிந்த கடின இறைச்சித் துண்டுகள், காரட், லீக்ஸ், டர்னிப், மெல்லிய தீயில் மணிக்கணக்காக வெந்தவை.