பள்ளிப்பட்டு எந்த அடைவில் இருக்கிறது?



கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் நம் பழைய மாணவர் போன வாரம் போன் செய்தார். "சார், லினக்ஸ் சர்வர்ல ஒரு டைரக்டரியையே காணோம். ராத்திரி பேக்கப் எடுக்கிற ஸ்கிரிப்ட் ரெண்டு மாசமா வெறுங்கையோட திரும்புது. எல்லாம் போச்சா?" குரலில் நடுக்கம். ஒன்றும் போகவில்லை. யாரோ அந்த டைரக்டரியை, தமிழில் சொன்னால் அடைவை, இன்னொரு அடைவுக்குள் நகர்த்திவிட்டார்கள். ஸ்கிரிப்ட் பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

நம் ஊருக்கே இது நடந்திருக்கிறதே என்று அவரிடம் சொன்னேன். பள்ளிப்பட்டு முதலில் வட ஆற்காடு ஜில்லா. 1911-இல் சித்தூர் ஜில்லா பிறந்ததும் அதற்குள் போனோம். 1953-இல் ஆந்திரம் தனியானபோது சித்தூரோடு அங்கே சென்றோம். ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலானோரின் வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் தீர்ப்பு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சென்னை ராஜ்யத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தோம். 1997 முதல் திருவள்ளூர். ஊர் ஓர் அடிகூட நகரவில்லை, அதன் முகவரி மட்டும் மாறியது. லினக்ஸிலும் ஒரே டிஸ்குக்குள் அடைவை நகர்த்தினால் உள்ளே இருக்கும் கோப்புகள் அசைவதில்லை. எந்த அடைவின் கீழ் என்ற பதிவுதான் மாறுகிறது.

அடைவுக்குள் அடைவு என்ற இந்த மர அமைப்பை மல்டிக்ஸ் என்ற அமைப்புக்காக டேலி, நியூமன் இருவரும் 1965-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது அடைவுகள் இருந்தன. சாய்கோடு போட்டு முழு முகவரி எழுதும் வசதி இல்லை. அது பின்னால்தான் வந்தது. மாவட்டம், தாலுகா இல்லாமல் வெறும் ஊர்ப்பெயரை வைத்துக் கடிதம் போடுவது போலத்தான்!

மரம் பெரிதானதும் தேடல் தொல்லையானது. டிக் ஹைட் எழுதிய 'ஃபைண்ட்' கட்டளை 1974-இல் ஐந்தாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்தது. இது சென்சஸ் எடுப்பது போல. (நாம் போகாத சென்சஸா!) ஒவ்வொரு வாசலாக ஏறி, "இந்தப் பெயரில் யாராவது உண்டா?" என்று கேட்கும். எங்கிருந்து தொடங்க வேண்டும், அடைவு மட்டும் போதுமா, பெயர் என்ன என்ற மூன்றையும் நாம் சொல்ல வேண்டும். பூட்டிய வீடுகளில் நுழைய முடியாது. 'பெர்மிஷன் டினைட்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பலர் இதைக் கவனிக்காமல் "தேடிவிட்டேன், இல்லை" என்பார்கள். நிர்வாகி அனுமதியோடு தேடினால்தான் அந்தப் பேச்சு செல்லும்.

1983-இல் ஜேம்ஸ் வுட்ஸ் இன்னொரு வழியை எழுதினார். முன்பே ஒரு பட்டியல் தயாரித்து வைத்துக்கொண்டு அதில் மட்டும் பார்ப்பது. இன்று 'லொகேட்' என்கிறோம். மின்னல் வேகம். ஆனால் வாக்காளர் பட்டியல் மாதிரி, அச்சான பிறகு வீடு மாறியவர் பழைய தெருவிலேயே இருப்பார். அதனால் அவசரத்துக்கு லொகேட், உயிர்போகிற விஷயத்துக்கு ஃபைண்ட் என்பது என் கட்சி.

நம் மாணவரும் நிர்வாகி அனுமதியோடு, மரத்தின் வேரிலிருந்து, அடைவு மட்டும் என்று கேட்டுத் தேடினார். கிடைத்துவிட்டது. ஸ்கிரிப்டில் ஒரு வரி மாற்றி அன்றைக்கே பேக்கப் எடுத்தாராம்.

2011 செப்டம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. "சி டிரைவ் எங்கே சார்?" என்று கேட்டு லினக்ஸை மூடிவைத்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சி டிரைவ் கிடையாது, எல்லாம் ஒரே வேர். அந்த மடிக்கணினி இன்னும் ஓடினால் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. வீட்டுப் பரணில் "சித்தூர் ஜில்லா, பள்ளிப்பட்டு" என்று முத்திரை குத்திய பழைய பத்திரம் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிடுங்கள். தெலுங்கில் இருந்தால் நான் படித்துச் சொல்கிறேன்.