சிவனொளியில் ஒளி எங்கிருந்து வந்தது?

சப்பிரகமுவ தோட்டங்களில் "மலைக்குப் போறோம்" என்று ஒருவர் சொன்னால், எந்த மலைக்கு என்று மற்றவர் கேட்பதில்லை. இரத்தினபுரி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் சந்திக்கும் இடத்தில் 2,243 மீற்றர் உயரத்தில் கூம்பாக நிற்கும் மலை அது. மார்கழிப் போயாவில் தொடங்கும் பருவகாலம் வெசாக் வரை நீளும். சிங்களவருக்கு அது ஸ்ரீபாத, அல்லது சமனல கந்த. முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. துரைமாருக்கு அடம்ஸ் பீக். நமக்குச் சிவனொளிபாதமலை.

உச்சியில் இருப்பது பாதச் சுவடு. ஆகவே சிவனடிபாதம் என்றால் புரிகிறது. அப்படிச் சொல்வோரும் உண்டு. நடுவில் ஒளி ஏன் வந்தது? விடியற்காலைச் சூரிய தரிசனத்தைக் காரணம் காட்டுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. சூரியன் எல்லா மலையிலும்தான் உதிக்கிறது. பெயரின் வழித்தடத்தைப் பழைய நூல்களில் பின்னோக்கித் தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் ரொபட் நொக்ஸிடம் கிடைத்தது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பிய ஆங்கிலேய மாலுமி அவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல், போர்த்துக்கீசரும் ஐரோப்பியரும் இந்த மலைக்கு ஆதாமின் பெயரை வைத்திருப்பதாகவும் சிங்களவர் அதை 'ஹமலெல்' என்று அழைப்பதாகவும் சொல்கிறது. சிங்களப் பேச்சில் சகரம் ஹகரமாகத் திரிவது வழக்கம். ஹமலெல் என்று நொக்ஸ் காதில் விழுந்தது சமனலதான். சமன் என்பது மலையின் காவல் தெய்வம். மலையைக் குறிக்கும் 'ஹெல' அதோடு சேர்ந்து சமனல ஆனது. வண்ணத்துப்பூச்சிக்கும் சிங்களத்தில் சமனலயா என்றே பெயர் என்பதால், பூச்சிகள் இம்மலைக்குப் போய் உயிர்விடுகின்றன என்று ஒரு கதை வளர்ந்திருக்கிறது. கதை அழகானதுதான், ஆனால் பெயர் பூச்சியிலிருந்து வரவில்லை. மகாவம்சத்திலேயே மலை சுமனகூடம் எனப்படுகிறது. புத்தர் தம் மூன்றாவது வருகையில் அங்கே சுவடு பதித்தார் என்று அந்நூல் கூறுகிறது.

அடுத்த தடயத்துக்குக் கொழும்பு ஆவணக் காப்பகம் தேவைப்படவில்லை. உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த மணிமேகலையிலேயே அது இருக்கிறது. மணிபல்லவத் தீவின் காவல் தெய்வமான தீவதிலகை மணிமேகலைக்கு இரத்தினத் தீவத்துச் சமந்தம் என்ற மலையையும் அதன் உச்சியில் உள்ள புத்தரின் அடியிணையையும் பற்றிச் சொல்கிறாள். பின்னால் கச்சிமாநகர் புக்க காதையில் தரும சாரணர் வலம் வந்த இலங்கை மலை ஒன்று வருகிறது. அதன் பெயர் சமனொளி.

ஒளி அகப்பட்டுவிட்டது. சிங்களச் செய்யுள் வழக்கில் மலைக்குச் சமனொள என்ற வடிவமும் உண்டு. தமிழ்க் காப்பியம் எழுதுவது அதே பெயரைத்தான். என் கணிப்பில், ஒளி என்ற ஈறு சிவனுக்கு முன்பே அந்த மலையில் இருந்தது. முன்பாதி மட்டும்தான் பின்னாளில் மாறியது.

மாற்றியவர்கள் யார்? சைவர் பக்கம் கைகாட்டும் ஆவணம் மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம். இன்றைய அவிசாவளைப் பக்கத்துச் சீதாவாக்கையைத் தலைநகராகக் கொண்டு 1581 முதல் 1593 வரை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் தந்தையைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரம் கேட்டுப் பிக்குகளிடம் கிடைக்காமல் சைவனானான், மலையின் வருமானத்தைச் சைவ ஆண்டிகளுக்குக் கொடுத்தான் என்கிறது அது. எழுதியவர்கள் பிக்குகள், அவன்மீது அவர்களுக்கு இருந்த கோபத்தைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் மலையை மீண்டும் பிக்குகளிடம் ஒப்படைத்தான். இடைப்பட்ட காலத்தில்தான் சமன் சிவனானான் என்று வழக்கை முடித்துவிடத் தோன்றும்.

இபுனு பதூதா விடமாட்டார். 1344இல் புத்தளத்தில் யாழ்ப்பாணத்து மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த அந்த மொரோக்கோப் பயணி, பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மன்னர் பல்லக்கு கொடுத்தார். கூடவே ஆண்டுதோறும் அந்தப் பாதத்துக்கு யாத்திரை போகும் நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் அனுப்பினார். ஆக, இராஜசிங்கனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே யோகிகள் அந்த வழியை அறிந்திருந்தார்கள். மலைக்கு ஏற இரண்டு பாதைகள் உண்டு, ஒன்று பாபாவின் பாதை, மற்றது மாமாவின் பாதை, அதாவது ஆதமுடையதும் ஹவ்வாவுடையதும் என்றும் அவர் எழுதுகிறார். பாவா ஆதம் மலை என்ற பெயரின் வயது அதில் தெரிகிறது. அதற்கும் முந்திய 851ஆம் ஆண்டு அரபு வணிகர் குறிப்பு ஆதமின் சுவடு எழுபது முழம் என்கிறது. 1817இல் நாடாவோடு ஏறிய மருத்துவர் ஜோன் டேவிக்குக் கிடைத்தது ஐந்தடி மூன்றே முக்கால் அங்குலம்.

பேராசிரியர் செனரத் பரணவிதான 1958இல் வெளியிட்ட நூலில், சமன் ஆதியில் யமனே என்று வாதிட்டார். சிங்கள வாசகர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். தமிழ் நிகண்டு படித்தவருக்கு அப்படி இல்லை: சமன் என்றால் நமக்கு யமன்தான். திருக்கடவூரில் காலனைக் காலால் உதைத்தவர் சிவன். சமனின் மலையில் சிவனின் பாதம் என்று கேட்ட யோகிக்கு அந்தக் கதை நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? இது என் ஊகம் மட்டுமே. ஆனால் ஓர் அரசனின் கட்டளையைவிட இந்த வழியாகப் பெயர் மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின் தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் துரைமாரின் தோட்டப் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தப் பெயர் வைத்தார்கள். மலையின் மறுபக்கத்து அடிவாரத்தில் டல்ஹவுசி நல்லதண்ணி ஆனது அப்படித்தான். உச்சிக்கு மட்டும் அவர்கள் புதுப்பெயர் தேடவில்லை. காப்பியத்துச் சொல்லின் பின்பாதி அவர்களுக்கு முன்பே அங்கே காத்திருந்தது.