இரண்டு தீர்ப்புகளுக்கு இடையே

கடலோரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றியபோது ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். முத்திரையிட்ட மணமுறிவுத் தீர்ப்பின் நகலை மேசைமீது வைத்து, "சாமி, இனி நான் நன்மை வாங்கலாமா?" என்று கேட்டார். கணவர் அவரைக் கைவிட்டுச் சென்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தீர்ப்பு வந்த நாள்முதல் அவர் நற்கருணைப் பந்தியை அணுகவே இல்லை. அவருக்கு நான் அளித்த விடையைப் பின்னர் சொல்கிறேன். அவர் கையிலிருந்த அந்தத் தாளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை நம்மவர் பலர் அறியார்.

இந்தியக் கிறிஸ்தவர்களின் மணமுறிவை 1869ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் ஆளுகிறது. இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி அது வரையப்பட்டது. மனைவியின் விபசாரம் ஒன்றே கணவன் மணமுறிவு பெறப் போதுமானது. மனைவிக்கோ, கணவனின் விபசாரத்தோடு கொடுமையோ ஈராண்டுக் கைவிடலோ வேறொரு பெருங்குற்றமோ சேர்ந்திருக்க வேண்டும். நாள்தோறும் குடித்துவந்து அடிக்கும் கணவன் பிற பெண்ணை நாடாதவரை, அவள் கேட்கக்கூடியது சட்டமுறைப் பிரிவு மட்டுமே. பிணைப்பு அப்படியே இருக்கும். இங்கிலாந்து இந்த ஓரவஞ்சனையை 1923இல் நீக்கிவிட்டது. நாம் நீக்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், இவ்வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது. மனைவி தவறினால் பிறர் பிள்ளையைக் கணவன் வளர்க்க நேரும் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. நம் ஊர்களில் கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர் யார் என்று அறிந்தவர்களுக்கு இவ்வாதம் வியப்பளிக்கும்.

இன்னொரு சுமையும் இருந்தது. மாவட்ட நீதிபதி வழங்கிய மணமுறிவை உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்த வேண்டும். மூன்று நீதியரசர் அமர்ந்து அதனை ஆய வேண்டும். ஆறு மாதங்களாவது கழிந்த பின்னரே உறுதி கிடைக்கும். எவரும் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் இந்த விதி மாறாது. நாகர்கோவிலில் வென்றவரின் வழக்குக் கட்டு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குச் சென்று காத்திருந்தது. மதுரைக் கிளை 2004இல்தான் தோன்றியது.

இந்த இடத்தில் நாஞ்சில் நாட்டின் தனிக்கதை ஒன்று குறுக்கிடுகிறது. 1956 நவம்பர் 1 வரை நாமும் நெய்யாற்றின்கரையினரும் ஒரே திருவிதாங்கூர் மக்கள். அன்று நாம் தமிழகத்தோடு இணைந்தோம், மகிழ்ந்தோம். 1995இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், மனைவிமீது கூடுதல் சுமை ஏற்றிய சொற்களைச் சட்டத்திலிருந்து களைந்தது. கொடுமையோ கைவிடலோ தனித்தே போதும் என்றாயிற்று. ஆனால் அந்த நீதிமன்றத்தின் ஆட்சியெல்லை களியக்காவிளையோடு முடிகிறது. பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட அக்காளுக்குத் திறந்த கதவு, குழித்துறையில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு மூடியே இருந்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அத்திருத்தம் 2001 அக்டோபர் 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோதுதான் இருவரும் சமமாயினர். உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாடும் அன்றே ஒழிந்தது. இருவரும் ஒத்த மனத்துடன் விண்ணப்பிக்கும் வழியும் அன்றுதான் பிறந்தது.

இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று? அரசை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. சட்ட ஆணையம் 1960இலேயே மாற்றம் கோரியது. 1962இல் மசோதாவும் வந்தது, ஆனால் நிறைவேறவில்லை. கிறிஸ்தவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பது அரசுகள் மீண்டும் மீண்டும் சொன்ன காரணம். அது வெறும் சாக்குப்போக்கு அன்று. மணமுறிவை எளிதாக்கக் கூடாது என்ற நல்ல அச்சத்தில், அடிபட்ட பெண்ணின் குரலை நாம் கேளாதிருந்தோம். 2001இல் வரையப்பட்ட காரணங்களின் பட்டியலில்கூடத் தொழுநோய் இடம்பெற்றிருந்தது. 2019இல்தான் அது நீக்கப்பட்டது. தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரின் பெயரால் அழைக்கப்படுவோரின் சட்டத்தில் அது இருந்தது!

திருச்சபையின் வரலாறும் இதையே ஒத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1741இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், திருமணங்கள் செல்லாதவை என்று சில இடங்களில் எளிதாகத் தீர்ப்பிடப்படுவதைக் கண்டு மனம் வருந்தினார். எனவே பிணைப்புக் காவலர் என்னும் பொறுப்பை ஏற்படுத்தினார். முதல் தீர்ப்பை இரண்டாம் தீர்ப்பாயம் ஒன்று ஒப்ப வேண்டும் என்றும் விதித்தார். 274 ஆண்டுகளுக்குப் பின், 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த இரண்டாம் தீர்ப்பின் கட்டாயத்தை அகற்றினார். அரசும் திருச்சபையும் ஒரே எச்சரிக்கை உணர்வோடு ஒரே வகைத் தாழ்ப்பாளை இட்டன. பதினான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டும் அதைக் கழற்றின. பிணைப்புக் காவலர் மட்டும் இன்றும் தம் இடத்தில் இருக்கிறார். இருப்பது நன்று.

ஆயினும் இரு தீர்ப்புகளும் ஒன்றல்ல. நீதிமன்றம், இருந்த திருமணத்தை முறிக்கிறது. திருச்சபைத் தீர்ப்பாயமோ எதையும் முறிப்பதில்லை. இசைவு தந்த அந்நாளிலேயே குறை இருந்ததால் பிணைப்பு உருவாகவே இல்லை என்று அறிவிக்கிறது. "அப்படியானால் என் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்களா?" என்று பலர் கலங்குகின்றனர். இல்லை, திருச்சபைச் சட்டம் அவர்களை முறையாகப் பிறந்தவர்களாகவே கொள்கிறது. தீர்ப்பாயத்தின் ஏடு ஒன்றே போதும் என்று மறுமணம் செய்வோரும் இடறுகின்றனர். அதற்கு நாட்டுச் சட்டத்தில் வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. 2017இல் அதற்கு ஏற்பு வேண்டிய மனுவையும் தள்ளியது. எனவே திருச்சபையிலும் நாட்டிலும் மறுமணத்துக்கு உரிமை வேண்டுவோர் இரு வாயில்களையும் கடந்தாக வேண்டும். நம் மாவட்டத்தில் இலத்தீன், சீரோ மலங்கரை, சீரோ மலபார் என மூன்று வழிபாட்டு முறையினர் கலந்து வாழ்வதால், எந்தத் தீர்ப்பாயத்தை அணுகுவது என்பதைப் பங்குத் தந்தையிடம் முதலிலேயே கேட்டறிவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

அந்தத் தாய்க்கு வருவோம். அவர் மறுமணம் செய்யவில்லை. செய்யும் எண்ணமும் அவருக்கு இல்லை. பிள்ளைகளின் பராமரிப்புக்காகவே நீதிமன்றம் சென்றவர். மணமுறிவு பெற்றும் வேறு மணம் புரியாது தம் பிணைப்புக்கு உண்மையாய் வாழ்பவருக்கு அந்த மணமுறிவு நற்கருணைக்குத் தடையே இல்லை. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்பம் பற்றிய தம் மடலில் இதைத் தெளிவுபடுத்தினார். நான் இதைச் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "இதை யாரும் எங்களுக்குச் சொல்லலையே சாமி" என்றார்.